கம்ப்யூட்டரை ஏமாற்றுவது பாவமா?

(மூன்றாம் ஆண்டு மாணவன், எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு)

தலைப்பைப் பார்த்துவிட்டு, இன்டர்னல் மார்க் ஏற்றுகிற கம்ப்யூட்டரைப் பற்றி ஏதோ ரகசியம் சொல்லப் போகிறான் என்று ஆவலோடு வந்த நண்பர்கள் தயவுசெய்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அங்கே கவிதை இருக்கிறது. நான் பேசப் போவது வெறும் விளையாட்டு விஷயம். ஆனால் இந்த வருஷம் நம் ஹாஸ்டலில் அரியருக்கும் மெஸ் சாம்பாருக்கும் அடுத்தபடியாக அதிகம் வாய்ச்சண்டை நடந்தது இதைப் பற்றித்தான். அதனால் மலரில் நாலு பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சண்டை என்ன? 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' என்று ஒரு யுத்த விளையாட்டு. அதில் ஒருவன், அடிபட்டு அரை உயிராய் இருக்கிற ஒரு வீரனை வேண்டுமென்றே முன்னால் நிறுத்துகிறான். கம்ப்யூட்டரின் படை அவன்மேல் ஓடிவந்து விழுகிறது. மறைவில் நின்ற மற்றவர்கள் அதைச் சுற்றிவளைத்து முடித்துவிடுகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த சீனியர் சொன்னார்: "டேய், இது ஜெயிக்கிறதாடா? மெஷினுக்கு விவரம் பத்தாதுன்னு தெரிஞ்சு ஏமாத்துறே. வீரனா இருந்தா நேருக்கு நேர் மோதி ஜெயிடா." இன்னொரு கோஷ்டி: "எதுக்குண்ணே இவ்வளவு கஷ்டம்? தோத்தா பழைய சேவ் ஃபைலை லோட் பண்ணிட்டு மறுபடி ஆடிட்டுப் போறது!"

என் அபிப்பிராயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். தூண்டில் போட்டு ஜெயிப்பது ஏமாற்று அல்ல, அதுதான் ஆட்டமே. லோட் பண்ணி ஜெயிப்பதுதான் ஏமாற்று, அதுவும் தன்னையே ஏமாற்றிக்கொள்வது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். வெஸ்நாத்தை 2003-இல் டேவிட் ஒயிட் என்பவர் ஆரம்பித்தார். 1.0 பதிப்பு 2005-இல் வந்தது. காசு கிடையாது. மூலநிரல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. சி பிளஸ் பிளஸ் படிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். (தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதுதான் ஹாஸ்டலில் அது பரவியதற்கு உண்மையான காரணம். அறிவுத் தாகமெல்லாம் அப்புறம் வந்தது.)

தரை முழுக்கத் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். நம் ஆட்களையெல்லாம் நகர்த்தி முடித்ததும் எதிரியின் முறை. அவசரம் கிடையாது; ஒரு முறைக்கு அரை மணி நேரம் கூட யோசிக்கலாம். ஊர்களைப் பிடித்தால் தங்கம் வரும். ஊரில் நிற்கிற ஆளுக்கு ஒவ்வொரு முறையும் 8 புள்ளி காயம் ஆறும். தங்கத்தைக் கொடுத்துக் கோட்டையில் புது ஆட்களை எடுக்கலாம். தலைவன் செத்தால் ஆட்டம் போச்சு. ஆடுபுலி ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். அதிலும் ஒரு ஆட்டை வெட்டக் கொடுத்துத்தானே புலியைக் கட்டுகிறோம்? அதை ஏமாற்று என்று எந்தத் தாத்தாவும் சொன்னதில்லை.

மெஷினுக்கு விவரம் பத்தாது என்கிறார்களே, ஏன் பத்தாது என்று யாராவது கேட்டீர்களா? 1997 மே மாதம் ஐ.பி.எம்.மின் 'டீப் புளூ' உலக சாம்பியன் காஸ்பரோவையே 3½ - 2½ என்று செஸ்ஸில் தோற்கடித்தது. செஸ்ஸில் அத்தனை கெட்டிக்காரனாய் இருக்கிற கம்ப்யூட்டர் இங்கே ஏன் அசடு வழிகிறது?

செஸ்ஸில் ஒரு முறைக்கு ஒரு காய்தான் நகரும். ஒரு நிலையில் சராசரியாக 35 வழி இருக்கும் என்பார்கள். வெஸ்நாத்தில் ஒரு முறையில் எல்லா ஆளையும் நகர்த்தலாம். 15 ஆள், ஆளுக்கு 30 இடம் என்று வையுங்கள். 30-ஐ 15 தடவை பெருக்க வேண்டும். ஒன்றரைக்குச் சற்றுக் குறைந்த எண்ணுக்குப் பின்னால் 22 சைபர் வருகிற அளவு! அதுவும் ஒரே ஒரு முறைக்கு; எதிரியின் பதில், அதற்கு நம் பதில் எல்லாம் கணக்கிலேயே இல்லை. நம் லேப் கம்ப்யூட்டர் இதையெல்லாம் தேடிப் பார்த்து முடிப்பதற்குள் நாம் மட்டுமல்ல, நம் பேரப்பிள்ளைகளும் டிப்ளமோ முடித்திருப்பார்கள்.

அதனால் எழுதினவர்கள் வேறு வழி எடுத்தார்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு அசைவுக்கு முன்னாலும் தனக்குத் தெரிந்த வேலைகளுக்கெல்லாம் மார்க் போடும். அதிக மார்க் வாங்கிய வேலையைச் செய்யும். செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து மார்க் போடும். லாபமான சண்டை ஒன்று கண்ணில் பட்டால் அதற்கு 1,00,000. ஊர் பிடிப்பதற்கு 60,000. சும்மா இலக்கை நோக்கி நடப்பதற்கு 20,000. அதாவது, வரிசையாக அணிவகுத்து வருகிற படைக்குப் பக்கத்தில் ஒரு ருசியான ஆளைக் காட்டினால் போதும், நடையை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போய்விடும். அணியாவது, வகுப்பாவது!

"லாபமான சண்டை" என்றேனே, அந்த லாபக் கணக்கில்தான் சூட்சுமம். 'அக்ரஷன்' என்று ஒரு எண் இருக்கிறது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் அதன் மதிப்பு 0.4. தன் பக்கம் ஏற்படுகிற நஷ்டத்தை, 1-லிருந்து இந்த எண்ணைக் கழித்துவரும் மீதியால் பெருக்கிக்கொள்கிறது. மீதி 0.6. புரியும்படி சொன்னால், தனக்கு ஒரு ரூபாய் நஷ்டம் என்றால் நோட்டில் 60 காசு என்றுதான் எழுதிக்கொள்கிறது. எதிரிக்கு ஏற்படுத்துகிற நஷ்டத்தை மட்டும் முழு ரூபாயாக எழுதுகிறது. இப்படிக் கணக்கு எழுதுகிற கடைக்காரன் எத்தனை நாள் கடை நடத்துவான்?

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். நம்மிடம் ஒரு ஈட்டிக்காரன். ஒரு குத்துக்கு 7 வீதம் 3 குத்து. எதிரி 'கிரண்ட்' என்கிற ஆர்க் முரடன். ஒரு வெட்டுக்கு 9 வீதம் 2 வெட்டு. (ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அதை விடுங்கள்.) நம் ஆள் ஊருக்குள் நிற்கிறான், அவன்மேல் அடி விழ வாய்ப்பு 40 சதம். கிரண்ட் வெளியே புல்வெளியில் நின்று அடிக்க வேண்டும், அவன்மேல் விழ வாய்ப்பு 60 சதம். நேரம் விடியல்.

கிரண்ட் நமக்குச் செய்கிற சேதம் சராசரியாக 9 x 2 x 0.4, அதாவது 7.2. பதிலுக்கு வாங்கிக்கொள்வது 7 x 3 x 0.6, அதாவது 12.6. கண் தெரிந்த எவனும் இந்த வியாபாரத்துக்கு வரமாட்டான். ஆனால் கம்ப்யூட்டரின் நோட்டில் 12.6 என்பது 7.56. கிட்டத்தட்டச் சரிக்குச் சரி! இதோடு ஏற்கெனவே அடிபட்ட எதிரி என்றால் அதற்குத் தனியாகக் கொஞ்சம் ஆசை சேர்த்துக்கொள்கிறது. ஆகவே 36 உயிர்ப்புள்ளி உள்ள ஈட்டிக்காரன் 20-ஓடு நின்றானோ, தராசு சாய்ந்துவிடும். (முழுக் கணக்கு இன்னும் பெரிசு. கொல்ல வாய்ப்பு எவ்வளவு, நிற்கப் போகிற இடம் மோசமா என்றெல்லாம் ஓரளவு பார்க்கும். சாய்க்கிற கை இதுதான்.)

சரி, நம் ஆள் செத்துப் போனால்? இங்கேதான் இரை வைக்கிறவனின் வேலை ஆரம்பிக்கிறது. சுற்றியுள்ள ஆறு கட்டத்தில் நாலை நம் ஆட்களாலோ ஏறமுடியாத மலையாலோ அடைத்துவிட்டு, இரண்டு வாசலை மட்டும் திறந்து வைக்க வேண்டும். இரண்டு கிரண்ட் வந்தால் மொத்தம் 4 வெட்டு. 20 புள்ளி போக 3 வெட்டாவது விழ வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 18 சதம் வரும். அதாவது 100-க்கு 82 தடவை நம் ஆள் பிழைக்கிறான். ரிஸ்க் இல்லை என்று யார் சொன்னது? ஆனால் எவ்வளவு ரிஸ்க் என்று தெரிந்து எடுக்கிறோம். மூன்று வாசல் திறந்துவிட்டவனுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

ஏன் விடியல்? ஆட்டத்தில் ஒரு நாளுக்கு ஆறு பொழுது. விடியல், காலை, பிற்பகல், அந்தி, பிறகு ராத்திரி இரண்டு ஜாமம். ஆர்க்குகள் ராத்திரியில் பலம் கூடுகிறவர்கள். நம் ஈட்டிக்காரன் பகல்காரன். பலம் கூடும்போது கால்பங்கு கூடும், குறையும்போது கால்பங்கு குறையும். பகலில் நம் மூன்று குத்தும் விழுந்தால் 27, கிரண்டின் இரண்டு வெட்டும் விழுந்தால் 14. ராத்திரியில் நமக்கு 15, அவனுக்கு 22. அதே இரண்டு பேர்தான்! விடியலில் இரை வைத்தால் எதிரி தன் முறையில் வந்து மாட்டுகிறான். அடுத்து நம் முறை வரும்போது காலை ஆகிவிடுகிறது. கிரண்டிடம் வாள் மட்டும்தான், தூரத்தில் அடிக்க ஒன்றும் கிடையாது. வில்லாளியை விட்டு முதலில் அடித்தால் பதிலடியே வராது. மிச்சத்தை ஈட்டிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டருக்குப் பகல் ராத்திரி தெரியாதா? தெரியும். இந்த நிமிஷத்தில் அடித்தால் எவ்வளவு சேதம் என்கிற கணக்கில் பொழுதும் சேர்ந்துதான் இருக்கிறது. ஆனால் "இப்போ பின்வாங்கி நாலு முறை கழிச்சு இருட்டினதும் எல்லாரும் சேர்ந்து வருவோம்" என்று அது யோசிப்பதில்லை. ஆகவே பகலெல்லாம் இரண்டு இரண்டு பேராக வந்து செத்துவிட்டு, ராத்திரி வரும்போது ஆளில்லாமல் நிற்கிறது.

இன்னொரு வேடிக்கை. தலைவனுக்கு மட்டும் அந்த அக்ரஷன் எண் மைனஸ் 4. 1-லிருந்து மைனஸ் 4-ஐக் கழித்தால் 5. தலைவனின் நஷ்டத்தை ஐந்து மடங்காக எழுதுகிறது! சிப்பாயின் ஒரு ரூபாய் 60 காசு, தலைவனின் ஒரு ரூபாய் ஐந்து ரூபாய். (நம் சங்கத் தேர்தலை நினைத்துக்கொண்டு யாரும் சிரிக்கக் கூடாது.) ஆகையால் சிப்பாய்க்கு வைக்கிற தூண்டிலில் தலைவன் லேசில் மாட்டமாட்டான். அவனைக் கோட்டையிலேயே போய்த்தான் பிடிக்க வேண்டும். அதற்கு முன் அவன் தங்கத்தையெல்லாம் கிரண்டாக மாற்றித் தீர்க்கும்படி செய்யவேண்டும்.

அணி நிறுத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண வீரன் ஒவ்வொருவனும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டத்தையும் காவல் காக்கிறான். அதில் கால் வைத்த எதிரி அத்தோடு நிற்க வேண்டும். எனவே தோளோடு தோள் நிற்கத் தேவையில்லை. ஒருவன், இரண்டு காலிக்கட்டம், இன்னொருவன், மறுபடி இரண்டு காலி, மூன்றாமவன். மூன்று பேர் ஏழு கட்டத்தை மறித்துவிடலாம். சில குள்ளநரிகள் இந்தக் காவலுக்குள் நழுவிப் போகும் வித்தை தெரிந்தவர்கள். அவர்களைத் தனியாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சீனியர் அண்ணனுக்கு என் பதில். "நேருக்கு நேர் மோது" என்கிறீர்கள். ஆட்டத்தின் கஷ்டமான நிலையில் மோதிப் பாருங்கள் அண்ணே. கஷ்டமான நிலை என்றால் கம்ப்யூட்டருக்கு மூளை கூடுகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கதைத்தொடர்களில் நடப்பது வேறு: எதிரிக்குத் தங்கம் கூடுதல், நமக்குத் தங்கம் குறைவு. புத்தி அதே 60 காசுப் புத்திதான். 1991-இல் வந்த 'சிவிலைசேஷன்' குடும்பத்திலும் இதே கதை. நிலை ஏற ஏறக் கம்ப்யூட்டருக்குச் சலுகைகள்தான் ஏறும். அது இரண்டு மடங்கு ஆளோடு வரும்போது நான் ஒற்றைக்கு ஒற்றை மோதினால் வீரம், கொஞ்சம் புத்தியை உபயோகித்தால் ஏமாற்றா? அந்தப் பக்கம் கணக்கு நோட்டையே திறந்து வைத்திருக்கிறார்கள், எவன் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்துவிட்டு ஆடுவதில் கள்ளம் எங்கே வந்தது?

நம் லேபில் ஃபால்ட் கண்டுபிடிக்கிற பரீட்சையை நினைத்துப் பாருங்கள். போர்டு வேலை செய்யவில்லை. ஒருவன் தட்டுகிறான், குலுக்குகிறான், கண்ணில் பட்ட ஐ.சி.யையெல்லாம் மாற்றுகிறான். இன்னொருவன் மல்டிமீட்டரை வைத்து எந்தப் புள்ளியில் வோல்டேஜ் காணாமல் போகிறது என்று பின்னால் நகர்ந்துகொண்டே போகிறான். இரண்டாமவனைப் பார்த்து "போர்டின் வீக்னஸைப் பிடிச்சுட்டான்" என்று யாராவது குறை சொல்வார்களா?

லோட் கோஷ்டிக்கு வருகிறேன். அவர்களுடைய வாதம்: "நான் சரியாத்தான் ஆடினேன், அதிர்ஷ்டம்தான் கெடுத்துச்சு. மூணு குத்தும் வீணாப்போச்சு. அது என் தப்பா? அதனால லோட் பண்றேன்." 60 சத வாய்ப்புள்ள மூன்று குத்தும் வீணாவதற்கு வாய்ப்பு 0.4 x 0.4 x 0.4, அதாவது 6.4 சதம். 16 சண்டைக்கு ஒன்று. ஒரு பெரிய யுத்தத்தில் நாற்பது ஐம்பது சண்டை நடக்கும். இரண்டு மூன்று இப்படிப் போய்த்தான் தீரும். இது அதிர்ஷ்டக்கேடு அல்ல, கரெக்டான கணக்கு! வீணாகும் என்று தெரிந்து, பின்னால் ஓர் ஆளைச் சும்மா நிறுத்தி வைத்திருக்கிறானா என்பதுதான் ஆட்டக்காரனுக்கு வைக்கிற பரீட்சை. லோட் பண்ணுகிறவன் அந்தப் பரீட்சையை எழுதுவதே இல்லை. தாயத்தில் தனக்கு ஒன்று விழும்வரை மற்றவர் கையில் கட்டையைக் கொடுக்காதவனை என்ன சொல்வீர்கள்? கரண்ட் போனதால் லோட் பண்ணுவது வேறு விஷயம், அதை மின்வாரியத்தோடு பேசிக்கொள்ளுங்கள்.

ஆனால் எதிர்த்தரப்பில் ஒரு வாதத்துக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன். என் ரூம்மேட் சொன்னது. "நீ பத்துத் தடவை அதே ஊர்ல அதே மாதிரி ஆளை நிறுத்தினாலும் பத்துத் தடவையும் அது வந்து விழும். அது கத்துக்காது. கத்துக்காதவன்கிட்டே ஆடி ஆடி நீயும் கத்துக்காம போயிடுவே." உண்மை. அவனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை லேன் கேபிள் போட்டு ஆடினேன். ஊருக்குள் அடிபட்ட ஈட்டிக்காரனைப் பார்த்தான். "இது யாருக்கு வெச்ச பொறி?" என்று சிரித்துவிட்டு, படையை ஆற்றின் அந்தப் பக்கமாக அனுப்பி என் பின்னால் இருந்த மூன்று ஊரையும் பிடித்துக்கொண்டான். இருட்டும்வரை என் பக்கமே வரவில்லை. மனுஷன் தன் ரூபாயை 60 காசு என்று எழுதுவதில்லை. சில சமயம் கோபத்தில் 10 காசு என்று எழுதுவான், சில சமயம் பயத்தில் ஆயிரம் ரூபாய் என்று எழுதுவான். அந்த நோட்டு திறந்து கிடப்பதுமில்லை. ஆகவே கம்ப்யூட்டரை ஜெயித்துவிட்டு ஹாஸ்டல் வராந்தாவில் காலர் தூக்கிக்கொண்டு நடப்பதை நானும் ஆதரிக்கவில்லை.

அதற்காக ஆட்டத்தையே விடச் சொல்வதிலும் அர்த்தமில்லை. ரூம்மேட் சொன்ன குறைக்கு மருந்து அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளாவிட்டால் நாம் கற்றுக்கொடுக்கலாமே! அக்ரஷன் எண்ணை மாற்றுவது ஆட்டக் கோப்பில் ஒரே ஒரு வரி. 0 என்று போட்டால் தன் ரூபாயை முழு ரூபாயாக எழுதும். இரை மேல் பாய்வது குறையும். 1 என்று போட்டால் தன் நஷ்டத்தையே எழுதாது. வெறி பிடித்த மாதிரி வரும். இன்னும் உள்ளே போக விரும்புகிறவர்கள் 'லுவா' மொழியில் புது வேலை ஒன்றை எழுதி அதற்கு மார்க் கொடுக்கலாம். "பகலில் பின்வாங்கு, ராத்திரியில் வா" என்று ஒரு வேலையை ஒருவன் எழுதட்டும், பிறகு பார்ப்போம் என் தூண்டிலை!

இதற்கு லேபில் இடம் வேண்டும். கதவில் "கேம் விளையாடக் கூடாது" என்று போர்டு தொங்குகிறது. அந்த போர்டு போட்டவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. துப்பாக்கி ஆட்டம் ஆடி மவுஸ் பட்டனை உடைத்தவர்கள் நம்மில் உண்டு. ஆனால் சி பிளஸ் பிளஸ்ஸில் மாணவர் பட்டியலை அகர வரிசைப்படுத்தும் புரோகிராமை மூன்று செமஸ்டராக ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஓடுகிற ஒரு பெரிய புரோகிராமைப் பிரித்துப் பார்த்து, ஒரு எண்ணை மாற்றினால் என்ன ஆகிறது என்று அளந்து எழுதுகிற வேலை ஒன்றுகூட நம் ரெக்கார்டில் இல்லை.

ஆகவே மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கை. அடுத்த வருஷத் தொழில்நுட்ப விழாவில் வழக்கமான வினாடி வினாவில் ஒன்றைக் குறைத்துவிட்டு, இந்தப் போட்டியை வையுங்கள். மனுஷன் ஆடக் கூடாது. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் தளபதியைத் தயார் பண்ணிக் கொண்டுவர வேண்டும். ஒரே வரைபடம், ஒரே தங்கம், பக்கம் மாற்றி மாற்றி இருபது ஆட்டம். எது அதிகம் ஜெயிக்கிறதோ அதற்குப் பரிசு. ஏன் ஜெயித்தது என்று இரண்டு பக்கம் எழுதித் தராவிட்டால் பரிசு கிடையாது. லேபைச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் திறந்துவிட வேண்டும், பொறுப்புக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். மவுஸ் உடைந்தால் நானே வாங்கித் தருகிறேன். முதல் ஆட்டத்துக்கு எதிரியாக ஒன்றை நான் கொண்டுவருகிறேன். அக்ரஷன் 0.4, ஒரு வரியும் மாற்றாதது.